தவணைக்குத் தவணை வளரும் பிள்ளைகள்

ஆட்கொணர்வு மனு என்றதும் எம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவர்கள் காணாமலாக்கப்பட்டோரே. அதில் வியப்பில்லை. இறுதி யுத்தத்தின் முடிவில் படையினரிடம் சரணடைந்த தம் உறவுகளை நீதிமன்றத்தின் முன் நிறுத்துமாறு கோரி, அனந்தி சசிதரன் உள்ளிட்ட பலர் 2013 ஆம் ஆண்டில் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுக்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நானும் எழுதினேன். ஆனால் அதே மனு, அதே நீதிமன்றத்தில், இன்னொரு காரியத்துக்கும் பயன்படுகிறது என்பதை நாம் எழுதியது மிகக் குறைவு. என்னிடம் இருக்க வேண்டிய பிள்ளையை இன்னொருவர் வைத்திருக்கிறார் என்று முறையிடும் தந்தையோ, தாயோ, பாட்டியோ தாக்கல் செய்வதும் ஆட்கொணர்வு மனுதான். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு வழங்கிய அதிகாரம் அது. காணாமற்போன கணவனைத் தேடும் பெண்ணும், மருமகனிடமிருந்து பேரனைக் காக்க நினைக்கும் தாயும் ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நான் சொல்ல வரும் வழக்கு மேல் நீதிமன்றம் வரை போகவில்லை. மாவட்ட நீதிமன்றத்திலேயே முடிந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் சரியான ஊரையும் தவிர்த்துவிடுகிறேன். காரணம் வாசகர்களுக்குப் புரியும்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் போனால் வருவது செட்டிகுளம். 2009 இல் உலகம் அந்த இடத்தை மெனிக் பாம் என்ற பெயரால் அறிந்தது. காட்டை வெட்டி வெளியாக்கிய நிலத்தில் முட்கம்பி அடித்து, வலயம் வலயமாகப் பிரித்து, அவற்றுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்களையும் சூட்டி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அடைத்து வைத்தார்கள். 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. அங்கு வந்து சேர்ந்தவர்களுள் ஓர் அம்மம்மாவும் அவரது இரண்டு வயதுப் பேரனும் இருந்தனர். பிள்ளையின் தாய் மாத்தளனில் எறிகணை வீச்சில் இறந்துபோனார். தந்தை ஓமந்தையில் வைத்துப் பிரித்தெடுக்கப்பட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். 2011 இன் இறுதியில் விடுதலையானார். அடுத்த ஆண்டு மறுமணம் செய்தார். 2013 இல் மகனைத் தன்னிடம் தருமாறு கேட்டார். செட்டிகுளத்துக்கு அண்மையில் உறவினர் கொடுத்த காணித்துண்டில் கொட்டில் போட்டிருந்த அம்மம்மா மறுத்தார். வழக்கு அப்படித்தான் தொடங்கியது.

இதில் கெட்டவர் யார் என்று தேடும் வாசகர்கள் ஏமாற்றமடைவர். நானும் முதலில் தேடினேன்.

பிள்ளையை யார் வைத்திருப்பது என்ற பிணக்கை எமது சட்டமொழி 'கட்டுக்காவல்' என்ற சொல்லால் குறிக்கிறது. பொலிஸ் பிடித்து வைத்திருப்பதற்கும் அதே சொல்தான். யார் மொழிபெயர்த்தார்களோ தெரியவில்லை. முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு அது பொருந்தித்தான் போனது. இலங்கையில் குடும்ப நீதிமன்றம் என்று தனியான ஓரிடம் இல்லை. 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் பெயரளவில் அப்படியொன்றைத் தோற்றுவித்த போதிலும், நடைமுறையில் அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்திடமே வந்து சேர்ந்தது. அங்கே காணி வழக்கு, கடன் வழக்கு, மரணசாதன வழக்கு ஆகியவற்றின் நடுவே பிள்ளையும் ஓர் இலக்கமாக அழைக்கப்படுகிறது. யுத்தத்துக்குப் பிந்திய வன்னியில் காணி வழக்குகள் எத்தனை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எமது பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டம் தந்தையையே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலராகக் கொண்டது. பிள்ளையின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டென்று காட்டினாலொழிய அவரது உரிமையை மறுப்பது கடினம் என்பதே பழைய தீர்ப்புகளின் போக்கு. அண்மைய தசாப்தங்களில் உயர் மன்றங்கள் பிள்ளையின் நலனே தலையாயது என்ற பக்கத்துக்குச் சாய்ந்துள்ளன. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றதும் அதற்கு ஒரு காரணம்.

இதற்கும் முந்திய ஒரு குரல் எமக்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்த தேசவழமையில் இதே காட்சி அப்படியே இருக்கிறது. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளைத் தாயின் தாயோ நெருங்கிய உறவினரோ வளர்ப்பதற்காக எடுத்துக்கொள்வது வழக்கம் என்றும், அப்போது இறந்த மனைவி கொண்டுவந்த சீதனத்தையும் தேடிய தேட்டத்தில் பாதியையும் தந்தை பிள்ளையோடு ஒப்படைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. தேசவழமை வன்னிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணிகள் விவாதிக்கட்டும். அம்மம்மா அந்த நூலைக் கண்டதில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்த சட்டம் அதுதான். மருமகனின் மனத்திலும் அதன் ஒரு மூலை இருந்திருக்கும். இல்லாவிட்டால் விடுதலையாகி ஓராண்டுக்கு மேலாகக் கேட்காமல் இருந்திருக்கமாட்டார். 300 ஆண்டுகளுக்கு முன் எமது மூதாதையர் சொத்தையும் பிள்ளையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசினார்கள் என்று இன்று முகம் சுளிக்கலாம். ஆனால் மறுமணம் நடக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டிய விடயம் இது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வழக்கு எப்படி நகர்ந்தது என்பதே எனக்கு முக்கியம். முதலில் தந்தை தான் தந்தை என்று காட்ட வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. அதன் பிரதிக்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவாளர் அலுவலகத்திலுமாக அலைந்த மாதங்கள் உண்டு. அடுத்து, தாய் இறந்துவிட்டார் என்று காட்ட வேண்டும். மாத்தளனில் பதுங்குகுழி ஓரத்தில் புதைக்கப்பட்டவருக்கு மரண விசாரணை அதிகாரி வரவில்லை. யுத்தத்திலும் அனர்த்தத்திலும் இறந்தோருக்கும் காணாமற்போனோருக்கும் இறப்புச் சான்றிதழ் வழங்க 2010 இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதன் கீழ்தான் அந்தத் துண்டுக் காகிதம் கிடைத்தது. இந்தப் பிள்ளையின் தாய் இறந்தார் என்பதாவது நிச்சயம். தந்தை இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத பிள்ளைகள் பலர். அவர்களின் தாய்மார் இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்குவதையே துரோகமாகக் கருதினர். காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தோடுதான் வந்தது. இவையெல்லாம் வழக்குக்கு முந்திய வழக்கு.

பிறகு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை. இரு வீடுகளையும் பார்த்து, அயலாரையும் ஆசிரியரையும் விசாரித்து, பிள்ளையின் நிலை பற்றி மன்றுக்கு எழுதித் தர வேண்டிய பொறுப்பு அவருடையது. நான் சந்தித்தவர் ஓர் இளம் பெண். பல கிராமங்களுக்கு அவர் ஒருவரே. பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் போய்வருவார். சிறுவர் துஷ்பிரயோகம், இளவயதுத் திருமணம், பாடசாலையை விட்ட பிள்ளைகள் எல்லாம் அவர் மேசையில்தான். உயிராபத்து இல்லாத பிள்ளையின் அறிக்கை கோவையின் அடியில் கிடப்பது இயல்பு. அறிக்கை வந்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். நீதிபதி இடமாற்றம் பெற்றார். புதியவர் வந்து முதலிலிருந்து வாசித்தார். அவரும் மாறினார்.

"கோட்டுக்குப் போறதெண்டா ஒரு நாள் கூலி போச்சு தம்பி. பெடியன்ர பள்ளிக்கூடமும் போச்சு. போனா அடுத்த தவணை எண்டு ஒரு துண்டு தருவினம்" என்றார் அம்மம்மா. தந்தையைப் பின்னொரு நாள் நீதிமன்ற வாசலில் சந்தித்தேன். அவர் மேசன் வேலை செய்பவர். "என்னை அந்த மாமா எண்டு சொல்லுறான் அண்ணை. அவனிலை பிழையில்லை" என்று மட்டும் சொன்னார். நான்கு ஆண்டுகளில் அவர் தன் மகனைக் கண்டதெல்லாம் நீதிமன்ற விறாந்தையில்தான். பிள்ளையைத் தந்தை கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயத்தில் அம்மம்மா அவனது கையை விடுவதேயில்லை.

மூன்றாவதாக வந்த நீதிபதி 2016 இல் பையனைத் தமது அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. அவனிடம் அது முதன்முதலில் கேட்கப்பட்டது அன்றுதான். அம்மம்மா வேண்டும் என்றோ அப்பா வேண்டாம் என்றோ அவன் சொல்லவில்லையாம். பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று சொன்னானாம். 2017 இல் வந்த கட்டளை அதைத் தழுவியே இருந்தது. தந்தையே பாதுகாவலர், ஆனால் பிள்ளை அம்மம்மாவுடன் இருந்து அதே பாடசாலையில் படிப்பான், விடுமுறைகளில் தந்தையிடம் போவான். நியாயமான கட்டளை. 2013 இல் ஒரு பிற்பகலில் இரு தரப்பையும் இருத்திப் பேசியிருந்தால் இருவருமே ஒப்புக்கொண்டிருக்கக் கூடிய கட்டளை. ஆறு வயதில் விடுமுறைக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டிய பிள்ளை பத்து வயதில் போக மறுத்தான். தந்தையின் வீட்டில் அதற்குள் இரண்டு சிறு பிள்ளைகள். அவரும் வற்புறுத்தவில்லை. சட்டப்படி அவர் வென்றவர்.

காணி வழக்கு பத்து ஆண்டுகள் இழுபட்டாலும் காணி அங்கேயே இருக்கும். பிள்ளை அப்படியல்ல. இங்கிலாந்தின் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அதன் முதற் பிரிவிலேயே, தாமதம் பிள்ளையின் நலனுக்குப் பாதகமாக அமையக்கூடும் என்பதைப் பொது விதியாக எழுதி வைத்திருக்கிறது. எமது சட்டத்தில் எனக்குக் குறைவாகத் தெரிவது அந்த ஒரு வாக்கியம். குடும்ப நீதிமன்றம் என்று கட்டடம் எழுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. இந்தியா 1984 இலேயே குடும்ப நீதிமன்றங்களுக்குச் சட்டம் இயற்றியது. அங்கும் பிள்ளைகள் தவணைகளில்தான் வளர்கிறார்கள்.

வேகமாக முடிக்க எம்மவர்களுக்கு முடியாது என்பதல்ல. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையில் கல்முனை வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த '81 ஆம் இலக்கக் குழந்தை'யை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டு, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உலகின் கமராக்கள் எல்லாம் வாசலில் நின்றன. (ஒன்பது தம்பதியர் உரிமை கோரினர் என்று அப்போது உலகமெங்கும் செய்தி வந்தது. நீதிமன்றத்தை நாடியது ஒரேயொரு தம்பதியினர்தான். எமது தொழிலின் இலட்சணம் அது.) மெனிக் பாம் பிள்ளைகளுக்கு அத்தகைய கமரா இருக்கவில்லை. 2009 இன் இறுதியில் யுனிசெப் உதவியோடு வவுனியாவில் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்று தொடங்கப்பட்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தேடி விண்ணப்பங்கள் குவிந்தன. தேடிக் கண்டுபிடிப்பதோடு எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். கண்டுபிடித்த பிள்ளை யாரிடம் வளர்வது என்பது பிறகுதான் தொடங்கியது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வாரத்தில் ஒரு நாளைப் பிள்ளைகளின் வழக்குக்கென்று ஒதுக்கலாம். முதல் தவணையிலேயே, இறுதி முடிவுக்குக் காத்திராமல், மற்றவர் பிள்ளையைச் சந்திப்பதற்கு இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. நன்னடத்தைச் சேவை மாகாண சபைக்குரிய விடயம். எனவே இதில் ஆட்குறைவுக்குக் கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிக்க முடியாது.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்ன வழக்கில் அம்மம்மாவின் சட்டத்தரணிக்கு ரொறன்ரோவில் இருந்து மாமனார் ஒருவர் பணம் அனுப்பினார். தந்தையின் சட்டத்தரணிக்கு இலண்டனில் இருந்து அவரது தமக்கை அனுப்பினார். இருவரும் பாசத்தால் செய்ததுதான். ஆனால் நாட்கூலி செய்யும் இரு ஏழைகளுக்கு நான்கு ஆண்டுகள் வழக்காட வசதி வந்தது அப்படித்தான். பணம் நின்றிருந்தால் அவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கோயில் வீதியில் அமர்ந்து பேசியிருப்பார்கள் என்று அந்த நன்னடத்தை உத்தியோகத்தர் என்னிடம் கூறினார்.

பையனுக்கு 2025 இல் பதினெட்டு வயது நிறைந்தது. சட்டப்படி இனி யாருடைய கட்டுக்காவலிலும் இல்லை. கடைசியாக நான் விசாரித்தபோது தந்தையோடு மேசன் வேலைக்குப் போய்வருவதாகவும், இரவில் அம்மம்மா வீட்டிலேயே தங்குவதாகவும் சொன்னார்கள்.