வடிகால் கண்ட பனி

அசையாத பொருளுக்கு மலையை உவமை கூறுவது நம்மவர் வழக்கம். பனிக்கட்டியாலாகிய மலைக்கு இந்த உவமை பொருந்தாது. அது ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது; அதனாலேயே பனியாறு என்று அதற்குப் பெயர். அந்த நடையைச் சில சமயம் துரிதப்படுத்துவதும், சில சமயம் மந்தப்படுத்துவதும் அதன் அடியிலுள்ள ஜலமே என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஒரே ஜலம் இவ்விரண்டு காரியங்களையும் எவ்விதம் செய்யக்கூடும் என்பதை நேயர்களுடன் சற்று விசாரிப்போம்.

வட துருவத்தை அடுத்த கிரீன்லாந்துத் தீவின் பெரும் பகுதியைப் பனி மூடியிருக்கிறது. நடுவிலே அதன் கனம் 3 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவும் உருகிவிட்டால் உலகத்துக் கடல்கள் 7 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். ஆகவே அந்தப் பனி என்ன வேகத்தில் நகர்கிறது என்பது, கடற்கரைகளில் வாழும் கோடிக்கணக்கான ஜனங்களைப் பொறுத்த கேள்வியாகும்.

1996 முதல் 1999 வரையில் அத்தீவின் மேற்குப் பகுதியில் ஓரிடத்திலே பனியின் நடையை அளந்து பார்த்தார்கள். குளிர்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 31 சென்டிமீட்டர் நகர்ந்த பனி, கோடையில் 40 சென்டிமீட்டர் வரையில் நகர்ந்தது. மேற்பரப்பில் உருகிய ஜலம் வெடிப்புகளின் வழியே அடித்தரைக்கு இறங்கி, பனிக்கும் பாறைக்கும் இடையே புகுந்துவிடுவதே இதற்குக் காரணம் என்று ஜ்வாலி என்பவரும் அவருடைய சகாக்களும் 2002-ல் எடுத்துக் காட்டினார்கள்.

ஜலம் அவ்வளவு கனத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குமா? இறங்கும் என்பதற்கு 2006 ஜூலையில் பிரத்தியட்சமான சாட்சி கிடைத்தது. பனியின்மேல் 5.6 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்த ஏரி ஒன்று, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பனியைப் பிளந்துகொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் அடியோடு வடிந்துவிட்டது. நயாகரா நீர்வீழ்ச்சியை மிஞ்சும் பிரவாகம் அது! அந்த ஜலம் அடியிலே பாய்ந்தபோது மேலிருந்த பனி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, முன்னோக்கியும் சறுக்கியது. ஆனால் ஒரு நாளைக்குள் அது மீண்டும் தாழ்ந்து, பழைய நடைக்கே திரும்பிவிட்டது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. பெருமழை பெய்தால், போக வழியில்லாத தெருவிலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. வடிகால் வெட்டிவிட்டால் ஓடிவிடுகிறது. பனியின் அடியிலும் அப்படியே. கோடையின் ஆரம்பத்தில் இறங்கும் ஜலத்துக்குப் போக்கிடமில்லை. அழுத்தம் மிகுந்து, பனியைத் தாங்கித் தூக்குகிறது. பாறையின் பிடி தளர்கிறது. நாள் செல்லச் செல்ல, ஓடும் ஜலம் தன் உஷ்ணத்தாலேயே பனியைக் கரைத்து அகன்ற கால்வாய்களை அமைத்துக்கொள்கிறது. அப்போது அழுத்தம் குறைந்து பனி மறுபடியும் பாறையைப் பற்றுகிறது. குளிர்காலம் வந்ததும் பனியின் பாரம் அந்தக் கால்வாய்களை நெருக்கி மூடிவிடுகிறது.

தென்மேற்குக் கிரீன்லாந்தில், தரையிலேயே முடிவடையும் பனிப்பகுதியைப் பற்றி 2015-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 1985–94 காலத்தோடு ஒப்பிட்டால், 2007–14-ல் உருகிய ஜலம் சுமார் 50 சதவிகிதம் அதிகம். பனியின் வேகமோ 12 சதவிகிதம் குறைவு!

இதைக் கேட்டு நாம் நிம்மதியடைந்துவிடலாமா? கடலில் நேரே கால் வைத்து நிற்கும் பனியாறுகளும் அத்தீவில் பல உண்டு. அவற்றின் நுனியை வெதுவெதுப்பான கடல்நீர் அரிக்கிறது. அங்கே கணக்கே வேறு. தரையில் முடியும் பனியின் நடை தளர்ந்தாலும் அது உருகுவது நிற்கவில்லை. வடிகால் கண்ட அந்த ஜலம் எங்கே போய்ச் சேருகிறது? கடலுக்குத்தான்.