டேட்டாவுல விழுந்தவன் எந்திரிக்கவே கூடாதா?

மக்களே, போன வாரம் எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில ஒரு பஞ்சாயத்து. எங்க தெரு அண்ணன் ஒருத்தர், டேட்டா இன்ஜினியரா வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாசம் ஆகுது. "சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் பக்கம் மாறலாம்னு இருக்கேன்"னு சொன்னதுதான் தாமதம், சுத்தி இருந்த பெரிசுங்க பிடிச்சுக்கிட்டாங்க. "இது ஏ.ஐ. காலம்டா, டேட்டாதான் எல்லாம். பல்லைக் கடிச்சிட்டு மூணு வருஷம் இரு. இப்ப மாறினா புரொஃபைல் கெட்டுரும்!"

அங்க வாயை மூடிக்கிட்டு வடை தின்னேன். இங்க பேசறேன் :-)

முதல்ல, அவர் எப்பங்க டேட்டாவைத் தேர்ந்தெடுத்தார்? கேம்பஸ்ல எடுத்தாங்க, பயிற்சி கொடுத்தாங்க, எந்த ப்ராஜெக்ட்ல ஆள் குறைஞ்சதோ அங்க உக்கார வச்சாங்க. யாரோ ஒரு எக்செல் ஷீட்ல தட்டின ஒரு வரி. அதுக்குப் போய் விசுவாசமா இருக்கணுமாம்!

சரி, அங்க என்ன வேலை? ராத்திரி ஓடற ஜாப் விழுந்தா திரும்ப ஓட்டணும், டிக்கெட்டை மூடணும். அவ்ளோதான். 2006ல வந்த ஹடூப், 2009ல பெர்க்லியில ஆரம்பிச்ச ஸ்பார்க், 2011ல லிங்க்ட்இன் ஓப்பன் சோர்ஸா வெளியிட்ட காஃப்கா எல்லாமே யாரோ உக்காந்து எழுதின சாஃப்ட்வேர்தான். திருச்சிக்காரனுக்கு இது சுலபமா புரியும். பெல்லுல பாய்லர் செய்யறதும், எங்கயோ ஒரு அனல்மின் நிலையத்துல அதை ஓட்டறதும் நல்ல வேலைதான். ஆனா ரெண்டும் ஒரே தொழில் இல்ல. செய்ய ஆசைப்படறவனைப் பார்த்து ஓட்டிட்டே இருன்னா எப்படி?

புரொஃபைல் கெட்டுருமா? ஸ்ரீதர் ராமசாமியைப் பாருங்க. சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சு, பிரவுன் பல்கலைக்கழகத்துல டேட்டாபேஸ் ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் வாங்கினவர். 2003ல கூகுள்ல சாஃப்ட்வேர் இன்ஜினியரா சேர்ந்து, விளம்பரப் பிரிவுக்கே தலைவரானார். 2024 பிப்ரவரியில ஸ்னோஃப்ளேக்ங்கற டேட்டா கம்பெனிக்கு சி.இ.ஓ. ஆனார். டேட்டாவுல இருந்து சாஃப்ட்வேர், திரும்ப டேட்டா. நடுவுல சுவர் எங்க இருக்கு? (எல்லாரும் அவர் ஆகிட முடியாது, தெரியும். சுவர் இல்லைங்கறதுக்குத்தான் சொன்னேன்.)

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். டேட்டா வேலையிலேயே நீங்க தினமும் கோடு எழுதி, டெஸ்ட் எழுதி, கிட்ல ஏத்தி, அடுத்தவன் ரிவ்யூ பண்றான்னா நீங்க ஏற்கனவே சாஃப்ட்வேர் இன்ஜினியர்தான். வெறும் பேருக்காக மாறாதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் சம்பளத்தைப் பார்த்தும் மாறாதீங்க.

ஆனா மாறணும்னா இப்பவே மாறணும். பதினாலாவது மாசத்துல மாறினா போறது சில மாசம். பத்தாவது வருஷத்துல வீட்டுக்கடன், குழந்தை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் சட்டையைப் பிடிச்சுக்கும். அப்ப புதுசா சேர்ந்தவன் சம்பளத்துக்கு யார் இறங்குவா? "மூணு வருஷம் இரு"ங்கறவங்க அந்த பத்தாவது வருஷத்துல பக்கத்துல இருக்க மாட்டாங்க.

எனக்கு ஏன் இவ்ளோ கோபம்னு கேக்கறீங்களா? நான் ஃபைனல் இயர். அடுத்த வருஷம் அதே மாதிரி ஒரு ஷீட்ல என் பேரும் வரும்.