குறட்டைக்கு ‘கத்தியில்லா’ சிகிச்சை: சத்தம் நின்றால் நோய் போயிடுமா?

‘அட்மிட் ஆக வேண்டாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்’ என்று சொல்லித்தான் குறட்டைக்கான புதுவகை சிகிச்சைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். அதில் பொய்யில்லை.

வாயின் மேல் அண்ணத்தில், உள்நாக்கை ஒட்டிய மென்சதை தூக்கத்தில் தளர்ந்து, மூச்சுக்காற்றில் படபடக்கிறது. பலருக்குக் குறட்டை இதுதான். அந்தச் சதையை விறைப்பாக்கினால் சத்தம் குறையும். ரேடியோ அலை முறையில், மரத்துப்போக மருந்து கொடுத்து, ஊசி போன்ற கருவியால் சதைக்குள் சூடு வைக்கிறார்கள். ஆறும்போது உண்டாகும் தழும்பு அதை இறுக்கிவிடும். ‘பில்லர்’ முறையில் மூன்று குட்டி பாலியஸ்டர் குச்சிகளைச் செருகுவார்கள். லேசரும் உண்டு. முதல் இரண்டு முறைகளில் வலி குறைவுதான், ஆனால் சில வருடங்களில் குறட்டை திரும்பலாம்.

சிக்கல் அதுவல்ல. சிலருக்குக் குறட்டை என்பது ‘ஸ்லீப் ஆப்னியா’வின் அறிகுறி. தூக்கத்தில் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வரும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு வரை இதோடு தொடர்புண்டு. அடைப்பு நாக்கின் அடியில் இருந்தால், அண்ணத்தை இறுக்கி என்ன பயன்? பக்கத்தில் படுப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்; இவருக்கு மூச்சு நிற்பது மட்டும் யாருக்கும் கேட்காமல் தொடரும்.

இதைக் கண்டுபிடிக்க இரவுத் தூக்கப் பரிசோதனை இருக்கிறது, பலருக்கு வீட்டிலேயே செய்யலாம். அதைப் பற்றிப் பேசாமலே சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் கிளினிக்கில் இருந்து எழுந்து வந்துடலாம்.