ஜெயிச்ச பிளஃபைத்தான் முதல்ல விசாரிக்கணும்

நைட் டியூட்டி முடிஞ்சு தூக்கம் வராத நாள்ல நான் போக்கர் வீடியோ பார்ப்பேன். ஆடுறதில்லை. சீட்டாட்டக் கடன்ல விழுந்து எங்க கேஷுவால்ட்டி வரைக்கும் வந்தவங்களைப் பார்த்தவன் நான், அதனால உங்களையும் ஆடச் சொல்லலை. ஆனா ஒரு முடிவு நல்லதா கெட்டதான்னு எடை போட, மருத்துவப் புத்தகத்தைவிட அந்த டேபிள் எனக்கு அதிகம் கத்துக்கொடுத்திருக்கு.

ஒரு உதாரணம் பாருங்க. லாஸ் வேகாஸ் கேசினோவுல 2/5 டாலர் டேபிள்னு வச்சுக்குவோம். எல்லார் முன்னாலயும் 500 டாலர். ஆளுக்கு 2 சீட்டு போட்டாச்சு, பொதுச் சீட்டு இன்னும் ஒண்ணுகூட விரிக்கலை. ஒருத்தர் 20 போடுறார். அடுத்து ஒரு பெரியவர் அதை 70 ஆக்குறார். நம்ம ஆள் கையில இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் 5-ம். சுமாரான சீட்டுதான். ஆனா பெரிய ஜோடி வச்சிருக்குற மாதிரி 180-னு ஏத்துறார். எல்லாரும் கவிழ்த்துட்டாங்க. நடுவுல கிடந்த 97 டாலர் இவருக்கு.

டேபிளே "என்ன தைரியம்யா"ங்கும். சரி, அது நல்ல முடிவா?

97-ஐ எடுக்க 180-ஐப் பணயம் வைக்கிறார். அப்போ இந்த நடிப்பு நூறுல 65 தடவையாவது பலிச்சாத்தான் நஷ்டமில்லை. இப்போ அந்தப் பெரியவரைப் பாருங்க. ராத்திரி பூரா காபி குடிச்சுக்கிட்டு, வந்த சீட்டையெல்லாம் தூக்கிப்போட்டுக்கிட்டு இருந்த மனுஷன். இப்படிப்பட்டவர் 70-னு ஏத்தினா கையில ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, இல்லைன்னா ஏஸ்-ராஜா. நம்ம கையில ஒரு ஏஸ் இருக்குறதால அவருக்கு ஏஸ் ஜோடி அமைய 6 வழிக்குப் பதிலா 3 வழிதான். ஏஸ்-ராஜாவுக்கு 16-க்குப் பதிலா 12. மத்த ரெண்டு ஜோடிக்கும் தலா 6. மொத்தம் 27. ஏஸ்-5-ஐ வச்சு பிளஃப் பண்றதுக்கு இதுதான் காரணம், அதுல தப்பில்லை.

ஆனா இந்த 27-ல அவர் எதைக் கவிழ்ப்பார்? ஏஸ்-ராஜாவை மட்டும்னா 12, அதாவது 44 சதவீதம். ராணி ஜோடியையும் கவிழ்த்தாத்தான் 67. நேர்ல உட்கார்ந்து ஆடுறவர், ராத்திரி பூரா காத்திருந்து கிடைச்ச ராணி ஜோடியைத் தூக்கிப்போடுவாரா? "மாட்டிக்கிட்டாலும் வாய்ப்பு இருக்கே, ராஜா ஜோடிக்கு எதிரா மூணுல ஒரு தடவை ஜெயிப்போமே"ன்னு கேட்பீங்க. அவர் சும்மா கூட வந்தா சரி. வர மாட்டார், மிச்சமிருக்குற மொத்தத்தையும் தள்ளுவார். அப்புறம் நாமதான் கவிழ்க்கணும்.

ஆக, ஜெயிச்சாலும் அது தப்பான முடிவு.

இதையே திருப்பிப் பாருங்க. பெரியவர் இடத்துல, எதைப் பார்த்தாலும் ஏத்துற ஒரு இளைஞர். அவர்கிட்ட அதே 180 ரொம்பச் சரி. அன்னைக்குன்னு பார்த்து அவர் கையில ஏஸ் ஜோடி இருந்து 180 போனாலும் சரிதான். டேபிள் சிரிக்கும், சிரிக்கட்டும். அவர் எப்படிப்பட்டவர்னு நமக்கு எவ்வளவு தெரியும்ங்கிறது தனிச் சிக்கல். நேர்ல ஆடும்போது மணிக்கு 25-30 கைதான் ஓடும். நாலு மணி நேரம் பார்த்துட்டு ஒருத்தரை எடை போட்டுட்டோம்னு நினைக்கிறதே கொஞ்சம் திமிர்.

60 வயசு சர்க்கரை நோயாளியோட ஈசிஜியில தெரியுற அதே மாற்றம் 22 வயசுப் பையனுக்கு வேற அர்த்தம் தரும்னு எங்களுக்குச் சொல்லித்தர்றாங்க. இதுவும் அதேதான். ஆனா முடிவை எடை போடும்போது மட்டும் நாங்களும் அந்த டேபிள் மாதிரிதான் நடந்துக்குறோம்.

சில வருஷம் முன்னாடி, நெஞ்சுவலின்னு சீக்கிரமே வந்த ஒருத்தர். ஈசிஜி தெளிவா மாரடைப்புன்னு சொல்லுச்சு. ஆஞ்சியோ வசதி இருக்குற ஊருக்கு மூணு மணி நேரம் ஆகும். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு, பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டேன். மூளையில ரத்தக்கசிவு. நூறுல ஒருத்தருக்கு ஒட்டி நடக்குறது, அவருக்கு நடந்துடுச்சு. ஆய்வுக் கூட்டத்துல என்கிட்ட கேட்ட முதல் கேள்வியே "ஏன் போட்டீங்க?"

அதே மாசம் இன்னொரு பெரியவர், அதே ஊசி. முன்னாடி பக்கவாதம் வந்திருக்கான்னு கேட்க மறந்துட்டேன். கூட்டம் அப்படி, நேரம் அப்படி. வந்திருக்கு. மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு, மறுநாள் அவர் பொண்ணு பேச்சுவாக்குல சொன்னப்பதான் தெரிஞ்சுது. போட்டிருக்கவே கூடாது. அவருக்கு ஒண்ணும் ஆகலை. நடந்தே வீட்டுக்குப் போனார், அடுத்த வாரம் ஸ்வீட் பாக்ஸோட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். அந்தக் கேஸ்ஷீட்டை யாரும் திறக்கலை. நானும்தான் வாயைத் திறக்கலை.

இப்போ எங்க யூனிட்ல மாசம் ஒரு கேஸ்ஷீட், நல்லபடியா டிஸ்சார்ஜ் ஆனதுல இருந்து எடுத்து உட்கார்ந்து படிக்கிறோம். முதல் மாசம் நான் எடுத்துட்டுப் போனது அந்த ஸ்வீட் பாக்ஸ் பெரியவரோடதைத்தான்.