பிழிந்தெறிய வேண்டிய நீர்

கல்லூரி மலரில் சமையற் குறிப்பா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அடுக்களையும் ஓர் ஆய்வுக்கூடமே என்பதற்கு, பிலிப்பைன்ஸ் நாட்டார் வீட்டில் செய்யும் 'பிச்சி-பிச்சி' என்னும் இனிப்பே போதிய சான்று.

அதன் மூலப்பொருள் நாமறிந்த மரவள்ளிக் கிழங்குதான். தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கை ஸ்பானியரே அத்தீவுகளில் கொண்டு சேர்த்தனர். தகாலோக் மொழியில் அதற்குக் 'கமோத்தெங் காஹொய்' என்று பெயர். கமோத்தெ என்றால் சர்க்கரைவள்ளி. காஹொய் என்றால் மரம். நாம் மரவள்ளி என்கிறோம். அவர்களும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள்!

கிழங்கின் மேல்தோலையும் அதனடியிலுள்ள தடித்த பட்டையையும் முற்றிலும் உரித்து, கழுவி, துருவுகிறார்கள். துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டு கோப்பைத் துருவலுக்கு இரண்டு கோப்பை நல்ல நீர், ஒரு கோப்பை சர்க்கரை, 'லிஹியா' எனும் கார நீர் அரைத் தேக்கரண்டி. கார நீர் மிஞ்சினால் கசக்கும். சிறு கிண்ணங்களில் ஊற்றி முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்தால், மாவு வெந்து கண்ணாடிபோல் பளபளக்கும். ஆறியபின் தேங்காய்த் துருவலில் புரட்டி எடுக்க வேண்டியதுதான்.

பிழிவானேன், சத்து வீணாகிறதே என்று கேட்போர் உண்டு. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மரவள்ளியில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. துருவும்போது கிழங்கின் அணுக்கள் உடைந்து, அங்கேயே உள்ள நொதியுடன் அது கலந்து, இறுதியில் ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அந்நஞ்சு நீரில் கரையும். 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். ஆகவே உரிப்பதும் துருவுவதும் பிழிவதும் மூடாமல் வேகவைப்பதும் வெறும் வழக்கமல்ல. வேதியியல் நூலைத் தொட்டறியாத பாட்டிமார் கைப்பழக்கமாகக் காத்த அறிவு அது. சோம்பலுக்காக அதில் ஒன்றைக் குறைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

2005 மார்ச்சில் பொஹோல் தீவிலுள்ள மாபினியில் மரவள்ளிப் பலகாரம் தின்ற பள்ளிச் சிறுவர் 27 பேர் மாண்டனர். பழி முதலில் கிழங்கின் சயனைடு மேல் விழுந்தது. பின்னர் நடந்த சோதனைகளோ பூச்சிக்கொல்லி மருந்தைக் காட்டின. கிழங்கு குற்றமற்றது எனத் தெரிந்ததால் பிழிவதை விட்டுவிடலாமா? கூடாது. மாவு டப்பாவும் மருந்து டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது என்பதையும் அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே துருவலில் முட்டை, தேங்காய்ப்பால், டப்பாப் பால் எல்லாம் சேர்த்துச் சுடும் கேக்கும் அங்கே பெயர்பெற்றது. எனக்கென்னவோ அதில் பாலின் தித்திப்பு கிழங்கின் மணத்தை மூடிவிடுகிறது. பிச்சி-பிச்சியில் கிழங்கு கிழங்காகவே ருசிக்கிறது. தேங்காய்த் துருவல் சீக்கிரம் ஊசிப்போகுமாதலால், செய்த அன்றே தின்று தீர்த்துவிட வேண்டும்.