வாசல் வரை வந்த ஒளியிழை

செஞ்சிக் கடைத்தெருவில் மின்கம்பத்தை அண்ணாந்து பார்க்கிறவர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். முன்பு மூன்று நான்கு கம்பிகள் போன இடத்தில் இன்று கறுப்புக் கம்பிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்குகின்றன. நடுநடுவே சுருட்டிக் கட்டிய வளையங்கள். ஆங்காங்கே சிறு பெட்டிகள். மாதந்தோறும் வாசலில் நின்று, "அம்மா, கேபிள் காசு" என்று கூப்பிட்ட அதே கேபிள்கார அண்ணன்தான் இன்று ஏணியைச் சாய்த்து ஏறி, நூல் போன்ற ஒன்றை வீட்டுக்குள் இழுத்து வந்து, சுவரில் வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். எங்களுள் ஒருத்தியின் வீட்டுக்கு இந்தக் கம்பி வந்த அன்று அவளுடைய பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இந்த நூலுக்குள்ளயா அம்மாம் படமும் வருது?" என்று கேட்டாராம். நல்ல கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டு, பாட்டி கேட்காத வேறொரு கேள்வியையும் இவ்வாண்டு மலரில் கேட்க விரும்புகிறோம், மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் சிலர்.

கம்பி என்று பழக்கத்தால் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது உலோகம் அன்று, கண்ணாடி. தலைமயிரினும் சற்றே தடித்த கண்ணாடி இழை. ஒளி ஓடும் அதன் நடுத்தண்டோ, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கிட்டால் வரும் ஒரு பங்கிலும் குறுகியது. அதற்குள் விட்ட ஒளி பக்கவாட்டில் தப்பி ஓடுவதில்லை. முழு அக எதிரொளிப்பு என்று இயற்பியல் பாடத்தில் படிக்கிறோமே, அதுவே இங்கு வேலை செய்கிறது. இழைகளைக் கட்டாகச் சேர்த்து அவற்றின் வழியே ஓர் உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் இலண்டனில் தம் பேராசிரியருடன் சேர்ந்து காட்டியவர், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. ஆயினும் அந்நாளைய கண்ணாடியில் 20 மீட்டர் செல்வதற்குள் ஒளி நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசில்தான் இருக்கிறது என்று 1966-இல் கணக்கிட்டுச் சொன்னவர் ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவ். நான்கே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தார் அத்தகைய தூய இழையைச் செய்து காட்டினர். காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல்தான்! இன்றைய நல்ல இழையில் ஒளி பாதியாகக் குறைவதற்கே சுமார் 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். திண்டிவனத்தில் விட்ட ஒளி, இடையில் மறு ஏற்றம் எதுவுமின்றி 28 கிலோமீட்டர் தாண்டிச் செஞ்சிக்கு வந்து சேரும்போதும், இணைப்பு முடிச்சுகளில் போவதைக் கழிக்காவிடில், கால் பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும். திண்டிவனத்திலிருந்து எங்கள் ஊருக்கு ரயில் வருமென்று கேட்டுக்கொண்டே வளர்ந்தோம். ரயிலை முந்திக்கொண்டு ஒளி வந்துவிட்டது.

இணையமும் தொலைக்காட்சியும் ஒரே இழையில் எப்படி வருகின்றன? வீட்டுக்கு வருவதற்கு ஓர் அலைநீளம், வீட்டிலிருந்து போவதற்கு வேறோர் அலைநீளம், சில இடங்களில் தொலைக்காட்சிக்கென்றே மூன்றாவது ஒன்று எனப் பிரித்து அனுப்புகிறார்கள். ஒன்றோடொன்று மோதுவதில்லை. தெருமுனைப் பெட்டியில் ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அப்பிரிவுக்கு மின்சாரம் தேவையில்லை. வீட்டிலுள்ள பெட்டிக்குத் தேவை. ஆகவே மின்சாரம் நின்றால் அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும். தங்கையருக்கு ஒரு சொல்: இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அறுந்து தொங்கும் இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். கம்பியை அறுப்பதில் மனிதருக்குச் சளைத்தவை அல்ல கோட்டைப் பக்கத்துக் குரங்குகள். அவற்றுக்கு யார் புத்தி சொல்வது?

எங்கள் பாட்டிமார் காலத்துக் கதை வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. பின்னர் தெருவில் ஒரு வீட்டில் ஆன்டெனா நின்றால் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே அவ்வீட்டுத் திண்ணையில் கூடுமாம். 1993-இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. கேபிள் கம்பிகள் தெருத்தெருவாய்ப் பரவின. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. அதே 2011-இல் நாட்டின் ஊராட்சிகளையெல்லாம் ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கத் தனி நிறுவனமே அமைத்தார்கள். பெரும்பகுதி இழையை மண்ணில் புதைக்காமல் மின்கம்பங்களின் மேலேயே கொண்டு செல்வதென்றும் முடிவாயிற்று. செஞ்சிப் பாறையில் குழி தோண்டிப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வர். 2020-ஆம் ஆண்டுச் சுதந்திர தின உரையில், ஆயிரம் நாளில் ஆறு இலட்சம் கிராமங்களுக்கும் ஒளியிழை என்று பிரதமர் அறிவித்தார். ஆயிரம் நாள் 2023 மே மாதத்தில் முடிந்தது. வேலை முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மேலும் 1.39 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தார்கள். இதற்கிடையில் நகரங்களிலும் எங்களூர் போன்ற பேரூர்களிலும் அரசு நிறுவனமும் தனியாரும் போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு இழுத்துவிட்டனர். ஆக, சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் எங்கள் தோழியர் சிலருக்கு இந்தப் பெட்டியே இன்னும் வரவில்லை. டவுனில் உள்ளவர்களுக்கு வந்துவிட்டது. வந்தவர்களைப் பற்றித்தான் இனிப் பேசப் போகிறோம்.

வந்த இழை எங்கே நிற்கிறது? கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில். மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை அங்கே தொடர்கள் ஓடும். பாட்டிக்கு ஒரு தொடர், அம்மாவுக்கு ஒரு தொடர், அப்பாவுக்குச் செய்தி. தவறென்று சொல்லவில்லை. மல்லாட்டை ஆய்ந்துவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு வந்து உட்காருகிற அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரந்தான் ஓய்வு. மீதி இணைப்பு அண்ணனுக்கு அல்லது தம்பிக்கு. எட்டாம் வகுப்புத் தம்பிக்குத் தெரிந்திருக்கிற கடவுச்சொல் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவுக்குத் தெரியாத வீடுகள் உண்டு. கேட்டால், "பொண்ணுக்கு எதுக்கு? பரீட்சை முடியட்டும்" என்பார்கள். பரீட்சைக்காகத்தானே கேட்கிறோம்!

இது எங்கள் வகுப்பறைப் புலம்பல் மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, என்றேனும் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 57 பேர். பெண்களில் 33 பேர். பெண்கல்வியில் முன்னணி என்று பெருமை பேசும் தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே. அதன் பிறகு நிலை உயர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் ஒரே பெட்டி இருக்க, மகனுக்கு ஓர் அளவும் மகளுக்கு ஓர் அளவும் இருப்பதை எந்தக் கம்பமும் எந்தக் கம்பியும் சரிசெய்ய முடியாது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது எங்களில் பலர் தொடக்கப் பள்ளியை விட்டு வராத சிறுமியர். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவுடன் வயலுக்கோ கடைக்கோ போய்விடும். மாலையில் திரும்பி வந்தால் முதலில் அண்ணனின் பாடம், பிறகு நேரமிருந்தால் எங்கள் பாடம். கல்வித் தொலைக்காட்சி இருந்ததால் பிழைத்தோம். அன்று விட்டுப்போன பின்னக் கணக்கு இன்னும் சிலருக்கு வராது. சிரிப்பாக எழுதுகிறோம், சிரிப்பாக இல்லை.

இனி வரப்போவதையும் சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையம் வழியாகவே நடக்கிறது. கல்லூரிகளை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியலை நாமே நிரப்ப வேண்டும். வரிசை ஒன்று தவறினால் இடமும் தவறும். எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா, வீட்டில் இணைப்பு இருந்தும், கடைத்தெருக் கணினிக் கடையில் கூட்டத்தோடு நின்று, முன்பின் தெரியாத ஒருவர் "இதப் போடு, அதப் போடு" என்று சொல்லச் சொல்லத் தன் பட்டியலை நிரப்பினாள். ஒருமுறைக் கடவெண் அப்பாவின் கைப்பேசிக்குப் போயிற்று. அப்பா கமிட்டியில் நெல் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். எடை போடும் இரைச்சலில் மணி அடித்தது கேட்கவில்லை. அன்று மாலைக்குள் முடிக்க வேண்டியதை மறுநாள் காலையில் பதறிப் பதறி முடித்தார்கள். அவள் இன்று படித்துக்கொண்டிருக்கும் பாடம் அவள் ஆசைப்பட்ட பாடம் அன்று. கூடத்து வெள்ளைப் பெட்டி அப்போதும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாமல் இல்லை. பொய்ப் பெயரில் பேசுகிறவர்கள், படத்தைத் திரித்து மிரட்டுகிறவர்கள், பரிசு விழுந்தது என்று பணம் பறிக்கிறவர்கள் எல்லாரும் அந்த இழையின் மறுமுனையில் இருக்கிறார்கள். எங்களிலும் குறை உண்டு. பாடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் குறும்படங்களைத் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரத்தைப் போக்கியவர்கள் இக்கட்டுரையை எழுதுகிறவர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் பெற்றோரே, பயந்து பூட்டினால் என்ன நடக்கிறது? பெண் பார்க்காமல் இருப்பதில்லை, ஒளித்துப் பார்க்கிறாள். ஒளித்துப் பார்க்கும்போது யாரேனும் மிரட்டினால் உங்களிடம் சொல்ல மாட்டாள்; சொன்னால் முதலில் இணைப்புப் போகும், அடுத்துப் படிப்புப் போகும் என்று நினைப்பாள். கூடத்தில், உங்கள் கண்ணெதிரே, பயமின்றிப் பார்க்கிற பெண்தான் தவறு நேர்ந்தால் உங்களிடம் ஓடி வருவாள். இணையக் குற்றங்களைச் சொல்ல 1930 என்ற எண் இருக்கிறது. சிறுவர் உதவிக்கு 1098. இவ்விரண்டையும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டி வையுங்கள்.

கேரளத்தில் நடந்த ஒன்றை எங்கள் அருட்சகோதரியரும் அறிந்திருக்கலாம். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைப்பேசி கூடாது என்று விதி. அதை ஏற்க மறுத்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் உயர் நீதிமன்றம் சென்றார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனிமறை உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பர் 19-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. பள்ளி வேறு, கல்லூரி வேறு. அவர் பதினெட்டைக் கடந்தவர், நாங்கள் கடவாதவர்கள். வகுப்பில் கைப்பேசி கூடாது என்ற நம் பள்ளி விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. அது வேண்டுமென்றே சொல்வோம். ஆனால் அத்தீர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒழுங்குக்காக விதி செய்யலாம். அந்த விதி படிப்பின் வழியை அடைத்துவிடக் கூடாது.

எங்கள் கோட்டையை 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பதினொன்றுடன் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அவ்வறிவிப்புக்குப் பின் வகுப்பாகச் சென்றபோது கல்யாண மகாலின் முன் நெடுநேரம் நின்றோம். குளத்து நீரைச் சுட்ட மண்குழாய்கள் வழியே அங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள அறைகள் அரண்மனைப் பெண்டிர்க்கானவை என்று கூறுவர். குழாய் கோட்டை வாசலோடு நிற்கவில்லை. பெண்கள் இருந்த இடம் வரை போயிற்று. வெளியே போகவிடாத காலந்தான் அது. அதை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கோட்டையைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் என்ன இருக்கிறது என்று தேட அன்று இரவே எங்களுக்கு ஆவல். பழந்தமிழ் நூல்களை 1998 முதல் தன்னார்வலர் பலர் சேர்ந்து மதுரைத் திட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் நூலகம் இருக்கிறது. காசு ஒன்றும் வேண்டாம். தேடியவர்கள் இருவர். மற்றவர்கள் மறுநாள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. வீட்டில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை கூடத்து இணைப்பு பெண்ணுக்கு. அந்நேரம் தொலைக்காட்சியின் ஒலி குறைய வேண்டும். பாட்டியின் தொடர் மறுநாள் மதியம் மறு ஒளிபரப்பாகும் என்பதைப் பாட்டியிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். கடவுச்சொல் வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும், தம்பிக்கு மட்டும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண்ணின் விண்ணப்பங்களுக்கு அவள் பெயரில் ஒரு மின்னஞ்சலும், அந்தச் சில வாரங்களுக்கு அவள் கையில் ஓர் எண்ணும் வேண்டும். பள்ளியில் கணினி அறை மாலை நாலரைக்குப் பூட்டப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஐந்தரை வரை அது திறந்திருந்தால், ஊரில் இன்னும் இணைப்பு வராத எங்கள் தோழியர் கடைசிப் பேருந்துக்கு முன் தங்கள் வேலையை முடித்துக்கொள்வர். சாவிக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம். எந்த இரண்டு நாள் என்பதைத் தலைமையாசிரியை அவர்களே முடிவு செய்யட்டும். செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு வசதி.