அலாரம் மாட்டுவது ஒரு மணி நேர வேலை இல்லை



என் காரில் புகை வந்த செய்தி எப்படியோ பரவி, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் வரை "என்ன சார் ஆச்சு?" என்று போன் செய்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கார் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

என்னுடையது பழைய சின்னக் கார். கம்பெனியிலிருந்து வரும்போதே அலாரம் இருக்கும் ரகம் இல்லை. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு காரின் ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பயந்துபோய் நானும் பெரம்பலூரில் ஒரு கடையில் அலாரம் மாட்டச் சொன்னேன். கூலியில் பேரம் பேசினேன். "ஒரு மணி நேரத்துல முடிச்சுடுப்பா, அரியலூர் திரும்பணும்" என்று அவசரமும் படுத்தினேன். ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ரிமோட்டை அழுத்தினால் 'கீக் கீக்' என்றது. சந்தோஷமாக வந்து சேர்ந்தேன்.

அரியலூர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். லாரி போகும் அதிர்வுக்கெல்லாம் என் கார் அலறத் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு அலறும், நாலு மணிக்கு அலறும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இந்தச் சைரன்களோ 100 டெசிபலுக்கு மேல் கத்துகின்றன. எதிர்வீட்டு அம்மா கண் ஆபரேஷன் முடிந்து வந்த நேரம். அவர் மகன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முதல்ல எல்லாம் எழுந்து வந்து பார்த்தோம் சார். இப்ப உங்க கார்தானேன்னு படுத்துடறோம்." புலி வருது கதையை வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அந்தக் கதையில் வரும் பையன் நானாகவே ஆகிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். மே மாதம் பேத்தியைப் பெரம்பலூரிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பிளாஸ்டிக் கருகும் வாடை. டேஷ்போர்டு அடியிலிருந்து நூல் மாதிரி புகை. வண்டியை ஓரம் கட்டி, பின்சீட்டிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்கினேன். கை நடுங்கியது. பின்னால் வந்த சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்தான் ஸ்பேனரோடு ஓடி வந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். எந்த லாரிகளைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தேனோ அதில் ஒன்று.

அரியலூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் பழைய மாணவனிடம் வண்டி போனது. பெயர் போட வேண்டாம் என்றான். டேஷ்போர்டைக் கழற்றிக் காட்டினான். பேட்டரியிலிருந்து வரும் வயரை இன்ஜின் பக்கமிருந்து உள்ளே கொண்டுவரும் தகரத் துளையில் ரப்பர் வளையமே போடவில்லை. தகரத்தின் விளிம்பு உரசி உரசி வயரின் தோலை அறுத்திருந்தது. ஃப்யூஸ் இருந்தது, ஆனால் உள்ளே, அலாரம் பெட்டிக்குப் பக்கத்தில். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் வயர் பாடியில் உரசினால் அந்த ஃப்யூஸுக்குத் தெரியவே தெரியாது, அது எரிந்துபோகாது. வயர்தான் ஹீட்டர் கம்பி மாதிரி பழுக்கும். ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது முதலில் வயரை. அதனால் அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

மற்ற இணைப்புகள் எல்லாம் வயரை முறுக்கி டேப் சுற்றியவை. வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன சூடு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். டேப்பின் பசை இளகி, அது கழன்று தொங்கியது. அதிர்வை உணரும் ஷாக் சென்சாரை எங்கும் இறுக்காமல் வயர்க்கட்டில் சொருகி, உணர்திறனை முழுதாகத் திருப்பி வைத்திருந்தார்கள். லாரிக்கெல்லாம் அலறிய காரணம் அதுதான்.

"யாருப்பா இப்படி வேலை செய்வாங்க?" என்று கோபமாகக் கேட்டேன். வயரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "ரேட்டைக் குறைச்சு, நேரத்தையும் குறைச்சா எல்லாருமே இப்படித்தான் சார் செய்வாங்க." எனக்குப் பதில் வரவில்லை.

அவன் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் வயரையே தொடவில்லை. ஒரு தாளில் படம் போட்டான். பெட்டி எங்கே, சைரன் எங்கே, எந்த நிற வயர் எதற்கு, எந்த வழியாகப் போகும் என்று எழுதினான். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேட்டரியைக் கழற்றினான். இல்லாவிட்டால் வண்டி தானாகப் பூட்டிக்கொண்டு நாம் வெளியே நிற்போமாம். வயர் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தான். இணைப்புகளைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டான். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய போல்ட்டில் முடுக்கினான். சைரனின் வாய் தண்ணீர் தேங்காதபடி கீழ்நோக்கி. சென்சாரை பாடியோடு இறுக்கி, தெருவில் லாரி போகும்போது நின்று பார்த்து உணர்திறனைக் குறைத்தான். எல்லாம் முடிய முக்கால் நாள். அந்தப் படத்தை என்னிடமே கொடுத்தான். "நாளைக்கு வேற யார் திறந்தாலும் புரியணும் சார்."

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கும் அவன் இரண்டு எச்சரிக்கை சொன்னான். மஞ்சள் உறை போட்ட வயர் பெரும்பாலும் ஏர்பேக் வயர், அதை யாரையும் தொட விடாதீர்கள். வயரை வெட்டிச் சேர்த்தால் வாரண்டி போகலாம், அதனால் கம்பெனி கப்ளரிலேயே பொருந்தும் அலாரமாகக் கேளுங்கள்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? அலாரம் ஓய்வில் இருக்கும்போதும் 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. 30 நாளில் 14.4. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 40 சதவீதத்துக்கு மேல். மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

என் கருத்து இதுதான். மறைந்து கிடக்கும் வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்க யோசிக்கிறோம். 'கீக் கீக்' சத்தத்துக்குக் கொடுப்போம், ரப்பர் வளையத்துக்குக் கொடுக்க மாட்டோம். அலாரம் மாட்டப் போனால் கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஃப்யூஸ் எங்கே வைப்பீர்கள்? சால்டர் செய்வீர்களா? வயர் போன வழியைப் படமாகத் தருவீர்களா? தருகிறேன் என்றால் கேட்ட கூலியைக் கொடுங்கள். ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். பரீட்சையில் விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் உங்களுக்கெல்லாம் மார்க் குறைத்தவன் நான். என் காருக்கு மட்டும் விடை வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாவும் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்